இரண்டாவது கோல்காவலர்

வணக்கம் ஐயா,

மலேசியத் தேசிய அணியின் கோல்காவலராக இருந்த ஆறுமுகத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த கட்டுரையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார், படிக்கிற பழக்கம் கிடையாது. ஆனால் ஆறுமுகம் என்ற பெயர் காதில் விழுந்தால் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்பார். 1980-இல் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் தென்கொரியாவை மெர்டேக்கா அரங்கத்தில் நாம் 2-1 என்று வென்ற அன்று தாத்தா அவரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது.

நான் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறேன். கல்லூரிக் காற்பந்து அணியில் இரண்டாவது கோல்காவலர். எங்கள் கல்லூரி ஒரு கட்டடத்தின் நான்கு மாடிகள்தான், திடல் இல்லை. ஆளுக்கு எட்டு வெள்ளி போட்டு வாடகைத் திடல் எடுத்துப் பயிற்சி செய்தோம். இந்தப் பருவம் ஒன்பது ஆட்டம். இரண்டில் வெற்றி, இரண்டில் சமநிலை, ஐந்தில் தோல்வி. அடித்தது 9 கோல், வாங்கியது 21. பத்து அணிகளில் எட்டாவது இடம். முதல் ஆட்டத்தில் 0-3, இரண்டாவதில் 1-1, மூன்றாவதில் 1-4 என்று போனது. வென்ற இரண்டுமே 2-1.

ஒன்பதிலும் நான் பெஞ்ச். ஏழாவது ஆட்டத்தில் மட்டும் முதல் கோல்காவலருக்குக் கணுக்கால் பிசகி, கடைசி இருபது நிமிடம் நின்றேன், இரண்டு கோல் போனது. அடுத்த வாரம் அவர் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

யாரிடமும் சொல்லாத ஒன்று: அதற்கு முந்தின வாரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, இவருக்கு ஏதாவது ஆனால் என்ன என்று நினைத்தேன். ஏழே நாளில் ஆகிவிட்டது.

"ஆடாதவனுக்கு எதுக்குடா சட்டை? அந்த நேரத்துல பார்ட் டைம் வேலைக்குப் போயிருந்தா கடனாவது குறைஞ்சிருக்கும்" என்கிறார் அப்பா. அடுத்த மாதம் நேர்முகத் தேர்வு இருக்கிறது. சுயவிவரத்தில் 'கல்லூரிக் காற்பந்து அணி ஆட்டக்காரர்' என்று எழுதினேன். தங்கை பார்த்துச் சிரித்தாள். அழித்துவிட்டேன். நான் ஆடினேன் என்று சொல்லலாமா ஐயா? நீங்கள் ஆறுமுகத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். அவருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி ஏன் ஒரு வரியும் எழுதவில்லை?

பெயர் போடாமல் வெளியிடலாம்.

*

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஏன் எழுதவில்லை என்றால், எனக்கு அவரைத் தெரியாது. நான் பார்த்த அத்தனை ஆட்டங்களிலும் கோல்கம்பத்தைப் பார்த்தேனே தவிர பெஞ்சைப் பார்த்ததில்லை. கட்டுரை எழுத உட்கார்ந்தபோதும் அப்படி ஒருவர் இருந்திருப்பாரே என்று தோன்றவில்லை. நீங்கள் கேட்டபிறகுதான் தோன்றுகிறது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் தேசிய அணி எனக்குத் தூரம். எனக்கு மிக அருகில், கை நீட்டினால் தொடுகிற இடத்தில் ஓர் இரண்டாவது கோல்காவலர் இருந்தார். அவரைப் பற்றி எழுதாததற்கு எனக்குச் சாக்கு எதுவும் இல்லை.

1988-இல் நான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன். அங்கே 'கல்லூரி' என்றால் மாணவர் தங்கும் விடுதி. முதலாம் கல்லூரி, இரண்டாம் கல்லூரி என்று எண்ணிட்ட விடுதிகள், அவற்றுக்கிடையே விளையாட்டுப் போட்டிகள். எங்கள் கல்லூரி அணியில் நான் இடதுபக்கத் தற்காப்பு. ஓர் ஆட்டம் விடாமல் ஆடினேன். அந்தப் பருவம் அரையிறுதி வரை போனோம். அந்தப் பதினொரு பேரை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். யார் எந்த ஊர், யார் எந்தக் கால்காரன், யார் ஆட்டத்துக்கு முன்னால் திருநீறு பூசுவான், யார் சப்பாத்துக் கயிற்றை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டுவான், எல்லாம் நினைவிருக்கிறது. உங்கள் கடிதம் வந்த இரவு பன்னிரண்டாவது ஆளை நினைக்கப் பார்த்தேன். முகம் வருகிறது. பெயர் வரவில்லை.

பந்திங் பக்கத்துத் தோட்டத்துப் பையன். ஒல்லி, கை நீளம். இரும்புக்கடையில் விற்கிற வெள்ளைப் பருத்திக் கையுறையைப் போட்டுக்கொண்டு நிற்பார். மழையில் அது ஊறிக் கனத்துவிடும், பிழிந்துவிட்டு மறுபடி போட்டுக்கொள்வார். பயிற்சியின் கடைசி அரை மணி நேரம் கோல் அடிக்கும் பயிற்சி. பத்துப் பேர், ஆளுக்கு ஐந்து பந்து, பெனால்டி பெட்டியின் விளிம்பிலிருந்து. முதல் பத்துப் பந்துக்கு எங்கள் முதல் கோல்காவலர் நிற்பார். பிறகு, ஆட்டத்துக்கு முன்னால் கை முட்டி கெட்டுவிடக்கூடாது என்று பயிற்றுநர் அவரை வெளியே கூப்பிட்டுக்கொள்வார். மீதி நாற்பது பந்துக்கும் பந்திங்காரர்தான். இருட்டுகிற நேரம், பந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, பத்துப் பேரும் தங்கள் பலத்தையெல்லாம் காலில் கொண்டுவந்து அடிப்போம். வயிற்றில் வாங்கிக்கொண்டு எழுந்து நின்று "அடுத்தது" என்பார். அந்தப் பருவம் நாங்கள் அடித்த கோல்கள் எல்லாம் முதலில் அவர்மேல் அடித்துப் பழகியவை.

எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு கடனும் உண்டு. எதிரணியின் ஓரத்து ஆட்டக்காரன் பந்தோடு வரும்போது நான் உடம்பைத் திருப்பி நிற்கிற விதம் அவனுக்கு உள்பக்கத்தைத் திறந்துவிடுகிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, பயிற்றுநர்கூட. ஒரு மாலை கோல்கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையுறையைப் பிழிந்தபடி அவர்தான் சொன்னார். "அண்ணே, நீங்க இடது காலை முன்னால வைக்கிறீங்க. அவன் உள்ள போயிடுறான். வலதை வைங்க, கோட்டுப் பக்கம் ஓடட்டும்." மாற்றினேன். காலிறுதியில் அந்த ஒரு மாற்றத்தால் நான் நல்ல பெயர் வாங்கினேன். பேருந்தில் வரும்போது எல்லோரும் முதுகில் தட்டினார்கள். அவர் கடைசி இருக்கையில் பந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவர் சொல்லிக்கொடுத்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

அந்த டிசம்பரில் ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தார். செய்தி வந்த அன்று எங்களுக்குப் பயிற்சி இல்லை. மழை விட்டிருந்தது. நூலகத்திலிருந்து அறைக்குத் திரும்பும் வழியில் திடலைப் பார்த்தேன். கோல்கம்பத்துக்கு நடுவே அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். பந்து இல்லை, கையுறை இல்லை. போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நான் அறைக்குப் போய்விட்டேன்.

தம்பி, உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத இடம் ஒன்று உண்டு. புள்ளிப் பட்டியலும் தங்கையின் சிரிப்பும் என்னை அவ்வளவு பாதிக்கவில்லை. 'இவருக்கு ஏதாவது ஆனால் என்ன' என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம். அதைக் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

மற்ற இடங்களுக்குக் காத்திருக்கிறவனுக்கு ஆசைப்பட வழி இருக்கிறது. தாக்குதல் ஆட்டக்காரர் களைத்துவிட்டால் மாற்றுவார்கள். மத்தியத் திடலில் ஆள் மெதுவாக இருந்தால் மாற்றுவார்கள். முன்னணியில் இருக்கும்போது நேரத்தைக் கடத்த ஒருவரை இறக்குவார்கள், பின்தங்கியிருக்கும்போது கோல் வேண்டி ஒருவரை இறக்குவார்கள். அவன் யாருக்கும் கெடுதல் நினைக்காமலே தன் முறைக்காக ஏங்கலாம். கோல்காவலர் அப்படிக் களைப்பதில்லை. ஒருவருக்கு அடிபட வேண்டும், அல்லது சிவப்பு அட்டை வாங்க வேண்டும், அல்லது எல்லோர் கண்முன்னாலும் பெரிய தவறு செய்து பயிற்றுநரின் நம்பிக்கையை இழக்க வேண்டும். இரண்டாவது கோல்காவலருக்குக் கதவு திறக்கும் வழிகள் பெரும்பாலும் இந்த மூன்றுதான். கொரோனா காலத்தில், 2020-இல், ஓர் ஆட்டத்தில் ஐந்து பேரை மாற்றலாம் என்று தற்காலிகமாக விதியைத் தளர்த்தினார்கள். 2022-இல் அது நிரந்தரமாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பேருக்கு அதனால் வாழ்வு வந்தது. இரண்டாவது கோல்காவலருக்கு ஒரு நிமிடம்கூடக் கூடவில்லை.

ஆக, நீங்கள் ஆட ஆசைப்பட்டால், அந்த ஆசைக்குள்ளேயே இன்னொருவரின் கேடு ஒளிந்திருக்கிறது. பிரித்தெடுக்க முடியாது. எவ்வளவு நல்ல மனிதரை அந்த இடத்தில் உட்கார வைத்தாலும் ஒரு நாள் அந்த நினைப்பு வரும். உங்களுக்கு வந்தது. வந்த பிறகு என்ன செய்தீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஏழாவது ஆட்டத்துக்கு முன்னால் அவருக்குக் கை சூடேற்றப் பந்து எறிந்தது யார்? நீங்களாகத்தான் இருக்க வேண்டும், அது இரண்டாவது கோல்காவலரின் வேலை. வலது பக்கம் பத்து, இடது பக்கம் பத்து, தலைக்கு மேலே பத்து, தரையோடு பத்து. மனதுக்குள் அந்த நினைப்பை வைத்துக்கொண்டு, கையால் அவருக்கு நல்ல பந்தாக எறிந்திருக்கிறீர்கள். கெட்ட பந்து எறிந்ததாக நீங்கள் எழுதவில்லை. அப்படிச் செய்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது என்று நம்புகிறேன். கணுக்கால் பிசகியதற்கு நீங்கள் காரணமில்லை, அது உங்களுக்கே தெரியும். தெரிந்தும் உறுத்துகிறது என்றால் அந்த உறுத்தலோடு கொஞ்சநாள் இருந்துதான் ஆகவேண்டும். அதைத் துடைத்துவிட எனக்கு வழி தெரியவில்லை, துடைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். முதல் கோல்காவலருக்கு அந்தப் பருவம் எப்படி இருந்திருக்கும்? ஒன்பது ஆட்டத்தில் 21 கோல் வாங்கிய அணி. இரண்டு உங்கள் கணக்கில் என்றால் பத்தொன்பது அவர் கணக்கு. ஒவ்வொரு பந்தும் வலைக்குள் போய் விழும்போதும், குனிந்து எடுக்கும்போதும், பெஞ்சில் நீங்கள் உட்கார்ந்திருப்பது அவர் முதுகுக்குத் தெரிந்திருக்கும். பிசகிய கணுக்காலோடு ஏழே நாளில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றாரே, அது எதனால் என்று நினைக்கிறீர்கள்? அவரும் உங்களைப் பற்றி என்னென்னவோ நினைத்திருப்பார். உங்கள் இருவரையும்போல அந்த அணியில் ஒருவரையொருவர் அறிந்த வேறு இருவர் இருந்திருக்க முடியாது. மற்றவர்கள் ஒருபக்கம் பயிற்சி செய்ய, நீங்கள் இருவர் மட்டும் தனியாக ஒரு மூலையில். அவருடைய எந்தக் கை பலவீனம், எந்தப் பந்துக்குக் கோல்கோட்டிலிருந்து வெளியே வரத் தயங்குவார் என்பது பயிற்றுநருக்குக்கூட உங்கள் அளவுக்குத் தெரியாது.

2010 நினைவிருக்கிறதா? உங்களுக்கு அப்போது ஏழு, எட்டு வயது இருக்கும். நம் ராஜகோபால் தேசிய அணியின் பயிற்றுநராக இருந்து, தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தை வென்ற ஆண்டு. டிசம்பர் 26 இரவு புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என்று வென்றபோது நான் அரங்கத்தில் இருந்தேன். அருகில் இருந்த மலாய்க்காரப் பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எல்லோரும் அந்த இரவையும், மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 4-2 என்று கிண்ணத்தைக் கொண்டுவந்ததையும்தான் பேசுவார்கள். அந்தத் தொடரில் நம் முதல் ஆட்டத்தைப் பேசுவது குறைவு. அதே ஜகார்த்தாவில், அதே இந்தோனேசியாவிடம், நாம் 5-1 என்று தோற்றோம். அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்துக்கு எதிராகக் கோல்கம்பத்தில் நின்றது வேறொருவர், இருபத்தொரு வயது கைருல் ஃபாஹ்மி. அந்த ஆட்டம் 0-0. அங்கிருந்து இறுதிவரை அவர்தான். இறுதியாட்டத்தின் இரண்டாவது சுற்றில், முதல் பாதியில், ஃபிர்மான் உத்தினா அடித்த பெனால்டியைப் பிடித்தாரே, அது போயிருந்தால் அந்த அரங்கத்தில் அந்தக் கூட்டத்துக்கு நடுவே என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

முதல் ஆட்டத்தின்போது பெஞ்சில் இருந்தவர் அவர். அன்று உட்கார்ந்திருந்த விதத்தில்தான் அடுத்த ஆட்டத்துக்கு நிற்க அவரால் முடிந்தது. பயிற்சியை ஒப்புக்குச் செய்தவராக இருந்தால் மூன்று நாளில் ஒரு தேசத்தின் கோல்கம்பத்தை ஏற்றிருக்க முடியாது. இதை உங்களுக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உங்களுக்கு அப்படி ஓர் இரவு வரவில்லை, கல்லூரிப் பருவம் முடிந்துவிட்டது, இனி வரப்போவதும் இல்லை. அது இழப்புதான். அதை இழப்பு இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். நான் சொல்ல வந்தது அந்த ஐந்து கோலை வாங்கியவரைப் பற்றி. அவரும் அந்த அணியில்தான் இருந்தார், அந்தக் கிண்ணம் அவருடையதும்தான். புக்கிட் ஜாலிலில் நான் கைருல் ஃபாஹ்மியின் பெயரைத் தொண்டை கிழியக் கத்தினேன். அந்த ஐந்து கோல் வாங்கியவரின் பெயரை நினைக்கக்கூட இல்லை. பெஞ்சைப் பார்க்காத என் பழக்கம் அப்போதும் மாறியிருக்கவில்லை.

அப்பாவைப் பற்றி. அவர் மேல் கோபப்படாதீர்கள். கல்விக் கடன் என்ன என்பது லோரி ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். ஆளுக்கு எட்டு வெள்ளி, வாரம் இரண்டு தடவை என்றால் மாதம் அறுபது வெள்ளிக்கு மேல். அதில் நான்கு மணிக்கு வானம் இருண்டு, ஐந்து மணிக்கு இடி இடித்து, திடலில் கால் வைக்காமலே போன நாட்களும் இருந்திருக்கும், கோலாலம்பூர் மழையை எனக்குத் தெரியாதா. பணம் கொடுத்து வாங்கிய இரண்டு மணி நேரத்தைக் கூரைக்குக் கீழே மின்னலைப் பார்த்துக்கொண்டு கழித்திருப்பீர்கள். இந்த நகரத்தில் மாடி மாடியாகக் கல்லூரிகள் எழும்புகின்றன, ஓடி விளையாட ஒரு துண்டு நிலம் இல்லாமல். எனக்கு இது மனதை அறுக்கிற விஷயம். தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீடு எங்களுடையதில்லை, சீவிய மரம் எங்களுடையதில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் திடல் இருந்தது. காலையில் பால்மரம் சீவிவிட்டு வந்தவர்கள் மாலையில் அதில் ஓடினார்கள், யாரும் எட்டு வெள்ளி கேட்கவில்லை. உங்கள் தாத்தா மகனைக் கையில் பிடித்துக்கொண்டு மெர்டேக்கா அரங்கத்துக்குப் போனாரே, அந்த ஆசை அப்படி ஒரு திடலிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

அப்பா கேட்டதற்குப் பதில் அவருடைய ஆறுமுகத்திடமே இருக்கிறது. அவர் ஒன்பது வயதில் பார்த்த அந்த வெற்றி எதற்கான வெற்றி? மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போவதற்கு. போனார்களா? சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து நம் நாடும் புறக்கணிப்பில் சேர்ந்தது. ஆறுமுகம், சோ சின் ஆன், சந்தோக் சிங், வெற்றிக் கோலை அடித்த ஜேம்ஸ் வோங், அவருக்குப் பந்து கொடுத்த ஹசான் சானி, ஒருவரும் போகவில்லை. உழைத்துத் தகுதி பெற்று, ஜூலை மாதம் வீட்டில் இருந்தார்கள். தங்களால் ஆகாத ஒரு காரணத்துக்காக ஓர் அணியே பெஞ்சில் உட்கார்ந்தது. உங்கள் நிலையும் அவர்கள் நிலையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். தகுதிச் சுற்றை அவர்கள் ஆடி வென்றார்கள், உங்களுக்கு இருபது நிமிடம்தான் கிடைத்தது. ஆனாலும் 'ஆடாதவனுக்கு எதுக்கு சட்டை' என்று மாஸ்கோவை வைத்து அவர்களிடம் அப்பா கேட்பாரா? கேட்க மாட்டார். அந்த ஒலிம்பிக்கில் ஆடாத மனிதரின் பெயரைக் கேட்டால்தான் அவர் இன்றைக்கும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைக்கிறார். ஒரு நாள் அவர் ஓய்வாக இருக்கும்போது இதைப் பேசிப் பாருங்கள். வாதமாக வேண்டாம். அன்றைக்கு அரங்கத்தில் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள், தாத்தா என்ன வாங்கிக் கொடுத்தார் என்று தொடங்குங்கள்.

பார்ட் டைம் வேலை இன்னும் நாற்பது வருடம் இருக்கும். ஓர் அணியில் இருப்பது அப்படி இல்லை. உங்கள் அணியில் இருந்த இருபது பேரில் எத்தனை பேர் இனி வாழ்க்கையில் பெயர் பதிந்த ஓர் அணியில் ஆடப்போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நம்மவர்கள் வளர்த்த மிஃபா, அதாவது மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணி, 2017-இல் நாட்டின் இரண்டாம் நிலையான பிரிமியர் லீக் வரை வந்தது. பிறகு பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி 2019-இல் முதல் நிலையான சூப்பர் லீக் ஆடியது. கெலானா ஜெயா அரங்கத்தில் அவர்கள் ஆட்டத்துக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். 2022 பருவத்தோடு அந்த அணி லீக்கை விட்டு விலகிக்கொண்டது. அதை நோக்கி வளர்ந்துகொண்டிருந்த பையன்களுக்கு ஒரு படி இல்லாமல் போயிற்று. ஆகவே, பெரும்பாலோருக்கு கல்லூரி அணிதான் கடைசி அணி. அதில் ஒரு பருவம் முழுக்க, ஒரு பயிற்சிக்கும் தவறாமல் போனவர் நீங்கள் என்றால், நேரம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.

சுயவிவரத்தில் எழுதுங்கள். 'கல்லூரிக் காற்பந்து அணி, கோல்காவலர்' என்று எழுதுங்கள். 'இரண்டாவது' என்று சேர்த்தாலும் சரி, சேர்க்காவிட்டாலும் பொய் இல்லை. எத்தனை ஆட்டம் ஆடினீர்கள் என்று கேட்டால் இருபது நிமிடம் என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். ஒன்பது ஆட்டத்தின் கணக்கைக் கொடுத்திருக்கிறீர்கள். 0-3, 1-1, 1-4. அது ஸ்கோர் பலகையைப் பார்த்து எழுதியது. ஆட்டத்துக்கே வராதவர்கூட அதை எழுதிவிடலாம். தொண்ணூறு நிமிடமும் ஓடிக்கொண்டிருந்தவனுக்குத் தன் எதிரில் இருந்த ஆள் மட்டும்தான் தெரியும். எனக்கு அரையிறுதியில் எதிரணியின் வலதுபக்க ஆட்டக்காரனைத் தவிர வேறு ஒன்றுமே நினைவில்லை. நாங்கள் எப்படித் தோற்றோம் என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. பந்திங்காரருக்குத் தெரிந்திருக்கும். அவர் ஒரே இடத்தில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தவர். அவரிடம் கேட்காமல் விட்டேன். அன்றைய நண்பர்கள் இருவரிடம் இந்த வாரம் தொலைபேசியில் பேசினேன். ஒருவருக்கு அவர் முகமும் நினைவில்லை. இன்னொருவர், பழைய புகைப்படம் சிரம்பானில் அக்காள் வீட்டில் இருக்கிறது, பின்பக்கத்தில் பெயர்கள் எழுதியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். காத்திருக்கிறேன்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். அந்த இருபது நிமிடத்துக்கு நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு வரி. 'நின்றேன், இரண்டு கோல் போனது.' அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது உங்களைப் பார்த்தாரா? ஏதாவது சொன்னாரா? கையுறை உங்களுடையதா, அவர் கழற்றிக் கொடுத்ததா? மழை பெய்திருந்ததா, கோல்கம்பத்துக்கு முன்னால் சேறாக இருந்ததா? நீங்கள் நடந்துபோய் நின்றதும் தற்காப்பு ஆட்டக்காரர்களிடம் முதலில் கத்திய வார்த்தை என்ன? உங்களை நோக்கி வந்த முதல் பந்து எந்தப் பக்கமிருந்து வந்தது? பிடித்தீர்களா, தட்டிவிட்டீர்களா? அந்த இரண்டைத் தவிர, போகாமல் தடுத்த பந்துகள் எத்தனை?

இதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். அவசரமில்லை, நேர்முகத் தேர்வு முடியட்டும்.

அன்புடன்.